உச்சுக் கொட்டிய பிறகு

போன இதழில், டிவியில் போரைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிறோமே என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்குத்தான் இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி. ஆகவே சினிமா, அரசியல் கேள்விகளுக்கு இந்த வாரம் விடுமுறை. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் சென்னை நாளிதழ் ஒன்றில் 31 வருஷம் உதவி ஆசிரியர். பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்திப் பக்கம். சாவுக்குத் தலைப்பு போட்டே சம்பளம் வாங்கினவன்.

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி: ராத்திரி எட்டு மணிச் செய்தியில் காஸாவைக் காட்டுகிறார்கள். இடிபாட்டிலிருந்து குழந்தையைத் தூக்குகிறார்கள். நான் 'ச்சு ச்சு, பாவம்' என்று சொல்லிக்கொண்டே மோர்சாதத்துக்கு மாவடு ஜாடியைத் தேடுகிறேன். 'உனக்கு மனசே இல்லையாம்மா?' என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். எனக்கு மனசு கல்லாகிவிட்டதா?

கல்லாகியிருந்தால் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். மகளிடம் ஒன்று கேளுங்கள், அந்த நேரத்தில் அவள் கையில் என்ன இருந்தது என்று. போன்தான் இருந்திருக்கும். உங்கள் கையில் மாவடு, அவள் கையில் போன். இரண்டு பேரும் பார்த்தது ஒரே குழந்தையைத்தான்.

பார்த்துப் பார்த்து மரத்துப் போவதை 'இரக்கக் களைப்பு' என்று வெளிநாட்டில் பெயர் வைத்துப் பேசுகிறார்கள். சூசன் மோலர் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1999-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெயரைக் கேட்டால் பார்க்கிறவர்களைத் திட்டுகிறார் என்று தோன்றும். அவர் திட்டியது எங்களை, பத்திரிகைக்காரர்களை. முன்கதை சொல்வதில்லை, காரணம் சொல்வதில்லை, எல்லாப் பஞ்சத்துக்கும் ஒரே வயிறு வீங்கிய குழந்தை, எல்லாப் போருக்கும் ஒரே புகை. இப்படியே காட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர் சலிக்காமல் என்ன செய்வார் என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு வாயில்லை. 1984 அக்டோபர் 23 அன்று பிபிசியில் மைக்கேல் பர்க் எத்தியோப்பியாப் பஞ்சத்தைக் காட்டினார். அதைப் பார்த்துக் கலங்கியதில்தான் அடுத்த ஜூலையில் லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும், அந்தப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, 'லைவ் எய்ட்' கச்சேரிகள் நடந்தன. எங்கள் மேஜைக்கு அது டெலிபிரிண்டர் துண்டாக வந்து விழுந்தது. நான் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். ஒரு பத்தி அகலத்தில், நாங்கள் சொல்கிற சிங்கிள் காலமாக, எட்டு வரி போட்டேன். பெரிதாகப் பண்ணலாம் என்று மீதியை டிராயரில் எடுத்து வைத்தேன். 31-ஆம் தேதி இந்திரா காந்தி சுடப்பட்டார். பேப்பர் முழுக்க டெல்லி. அது அடங்குவதற்குள் டிசம்பர் 3 காலையில் போபால். எத்தியோப்பியா டிராயரிலேயே பழுப்பேறியது. பொங்கலுக்கு மேஜையைச் சுத்தம் செய்தபோது தூக்கிப் போட்டேன். அந்த வருஷம் எத்தியோப்பியாவுக்காக உச்சுக் கொட்டாத வாசகரை யாரும் கல்மனசு என்று சொல்லிவிட முடியாது. எட்டு வரிக்கு மேல் அவர் கண்ணுக்கு நான் அதைக் காட்டவே இல்லை.

சேப்பாக்கத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர்: தூரதேசத்துத் துயரச் செய்திகளைச் சென்னை மக்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் முனைவர் பட்டத் தலைப்பு. படத்தைக் காட்டி, 'இச்செய்தி என்னை மிகவும் பாதித்தது' என்ற வாக்கியத்துக்கு 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டம் கொடுத்தேன். பாதிப் பேரிடம் வாங்கியாயிற்று. எல்லோரும் முதல் கட்டத்திலேயே டிக் அடிக்கிறார்கள். எங்கே தப்பு?

கட்டத்தில். செத்த குழந்தையின் படத்தை முகத்துக்கு நேரே நீட்டி 'வருத்தமாக இருக்கிறதா?' என்று கேட்டால் எவர் தம்பி இல்லை என்பார்? கேட்கப்படுகிறவர் அந்த நிமிஷமே கூண்டில் ஏறிவிடுகிறார். தன் மேல் பழி வராத பதிலாகப் பார்த்து டிக் அடிக்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில் பக்கம் நான் வாடிக்கையாகப் பூ வாங்கும் அம்மா. 2023 பிப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் நிலநடுக்கம். 50,000 பேருக்கு மேல் போனார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ சாயங்காலம் போனேன். தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு மல்லி, அந்தப் பக்கம் இரண்டு மல்லி, வாழைநாரில் ஒரு முடிச்சு. விரல் பார்க்காமலே ஓடும். அப்போது அந்தப் படம் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கஹ்ராமன்மராஷ் நகரில், ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஓர் அப்பா, இடிந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். இடிபாட்டுக்குள் மகள் இறந்து கிடக்கிறாள். வெளியே தெரிகிற அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

பூக்கார அம்மாவின் விரல் நின்றது. முடிச்சு பாதியில். நான் எண்ணவில்லை, பத்துப் பதினைந்து விநாடி இருக்கும். பிறகு சொன்னார்: "எம்மா நேரமா குந்திக்கினு கீறாரோ. அந்த ஆளுக்கு யாராச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்களா?" அவ்வளவுதான். "எத்தினி மொழம் சார்?"

இதை உங்கள் ஐந்து கட்டத்தில் எதில் போடுவீர்கள்? சாவு வீட்டில் அடுப்பு எரியாது. எதிர் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி போகும். அந்த வழக்கம்தான் அவருக்கு முதலில் நினைவு வந்தது. 'பாவம்' என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை. உங்கள் தாளை நீட்டியிருந்தால் அவரும் முதல் கட்டத்தில் டிக் அடித்திருப்பார், டீ காணாமல் போயிருக்கும்.

இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் கட்டம் போட்டதோடு நிற்காமல் பேசவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் பிர்கிட்டா ஹோயர், கொசோவோ போரை டிவியில் பார்த்த ஸ்வீடன், நார்வே மக்களிடம் பேசி, 2004-இல் எழுதினார். இரக்கம் என்று மொத்தமாகச் சொல்வதில் நாலு சரக்கு கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று உருக்கம். ஒன்று 'எவன்டா இதைப் பண்ணினவன்' என்கிற கோபம். ஒன்று, நாம் இங்கே சுகமாக இருக்கிறோமே என்கிற வெட்கம். இன்னொன்று கையாலாகாத்தனம். பெண்கள் கலங்கியதைச் சொன்னார்கள். ஆண்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேடயம் பிடித்தார்கள் என்றும் எழுதினார். நம் வீட்டில் செய்தியின்போது அப்பா திடீரென்று ஃபேன் ரெகுலேட்டரைத் திருக எழுந்து போவாரே, அதை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

மரியா கிரியாக்கிடு என்ற இன்னோர் ஆய்வாளர் கிரேக்க மக்களைக் குழுக்குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொன்னார். தூரத்து அழிவைப் பற்றித் தொடங்கிய பேச்சு அரசியல்வாதிகளைத் திட்டுவதிலும் டிவிக்காரர்களைத் திட்டுவதிலும் போய் நின்றது. பேச்சு தடம் மாறிவிட்டது என்று அதையெல்லாம் ஒதுக்காதீர்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் லூக் பொல்தான்ஸ்கி 1993-லேயே சொன்னது இது: எட்டாத தூரத்தில் இருப்பவனுக்குக் கை கொடுக்க முடியாதவன் செய்யக்கூடியவை இரண்டு, பணம் கொடுக்கலாம், பேசலாம். அந்தப் பேச்சு சாபமாக வரலாம், கண்ணீராக வரலாம். 'நாசமாப் போறவனுங்க' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் அதுவும் உங்களுக்குத் தரவுதான்.

ஆகவே மீதிப் பாதிப் பேரிடம் தாளை நீட்டாதீர்கள். இருபது வீடு போதும். செய்தி நேரத்துக்கு முன்னாலேயே போய் உட்காருங்கள், கொடுக்கிற காபியைக் குடியுங்கள். ரிமோட் யார் கையில், எந்தப் படத்துக்குச் சத்தம் குறைகிறது, யார் பிள்ளையை உள்ளே போகச் சொல்கிறார், உச்சுக் கொட்டியதற்கு அடுத்த வாக்கியம் என்ன, இவ்வளவையும் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருப்பதாலேயே அவர்கள் கொஞ்சம் கூடுதலாக இரக்கப்படுவார்கள். இரண்டாம் நாள் போனால் அது குறையும். கைடு ஒப்புக்கொள்ள மாட்டார் என்கிறீர்களா? அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அண்ணா நகரிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: வாட்ஸ்அப்பில் வரும் போர்ப் படங்களில் பாதி பொய். இனி எதைப் பார்த்தும் மனம் இளகுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். சரிதானே?

சௌகரியமான முடிவு. ஸ்டான்லி கோஹென் என்ற சமூகவியலாளர் 2001-இல் மறுப்பை மூன்று தினுசாகப் பிரித்தார். அப்படி நடக்கவே இல்லை. நடந்தது நீங்கள் சொல்வதுபோல் இல்லை. நடந்ததுதான், அதற்கு என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள். நீங்கள் முதல் படியில் நிற்கிறீர்கள். நான் மூன்றாவதில்.

பொய்ப் படத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். எங்கள் அடுக்ககக் குழுவில் கொதித்துப் போய் ஒரு படத்தை அனுப்பினேன். இரண்டே நிமிஷத்தில் கீழ்வீட்டுப் பையன், அது சில வருஷம் முந்தியது, நாடே வேறு என்று ஆதாரத்தோடு போட்டான். பத்திரிகையில் புரூஃப் பார்த்துக் கண் போனவனுக்கு வந்த கதியைப் பாருங்கள். வெட்கம் தீர்ந்தபின் யோசித்தேன். படத்தில் இருந்த குழந்தை நிஜம். தலைப்புதான் பொய். வேறு ஊர், வேறு வருஷம், ஆனால் அழுதது அழுததுதான். அதன்பின் அந்தக் குழந்தையைப் பற்றிக் குழுவில் ஒருவரும் பேசவில்லை, நான் உட்பட. எல்லோரும் என்னைப் பற்றியே பேசினார்கள்.

ராயப்பேட்டையிலிருந்து ஒரு டீக்கடைக்காரர்: எவ்வளவு தூரத்தில் செத்தால் சார் அது தூரத்துச் சாவு?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையது. எங்கள் மேஜையில் அதற்கு எழுதாத கணக்கு ஒன்று இருந்தது. தாம்பரத்தில் மூன்று பேர் என்றால் முதல் பக்கம். பீகாரில் முப்பது என்றால் உள்பக்கம் டபுள் காலம். தென்னமெரிக்காவில் முந்நூறு என்றால் இடம் இருந்தால் போடு.

கிலோமீட்டர் மட்டும் கணக்கில்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மேப்பில் நேர்கோடு போட்டு அளந்து பாருங்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு எவ்வளவோ, முல்லைத்தீவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 2009 மே 13 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு. 16-ஆம் தேதி எண்ணிக்கை. சாயங்காலங்களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐபிஎல். அதே நாட்களில் முல்லைத்தீவில் ஈழப் போரின் கடைசிக் கட்டச் சண்டை. எங்கள் அலுவலக டிவியில் ரிமோட் இந்த மூன்றுக்கும் நடுவே தாவியதை நான் பார்த்தேன். தாவியதில் என் விரலும் உண்டு. சாகிறவர்கள் பேசிய தமிழ் எனக்குப் புரிந்தது. அதனாலேயே சேனலை மாற்றினேன் என்று இப்போது தோன்றுகிறது. எத்தியோப்பியாவைப் பார்க்க முடிந்தவனுக்கு இதைப் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் எண்ணிக்கைகள் வந்தன. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. பேசினோம், கூட்டம் போட்டோம். 2013 பிப்ரவரியில், பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரன் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எதையோ தின்கிற படம் வந்தது. பக்கத்திலேயே, சுடப்பட்டுக் கிடக்கிற படம். மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தமிழ்நாடு முழுக்கக் கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. அந்தப் படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே மாதம் ஜெனீவாவில் இலங்கை பற்றிய ஐ.நா. தீர்மானமும் இருந்தது. ஆனால் மாணவர்கள் தூக்கிய அட்டைகளில் 40,000 என்ற எண்ணைவிட அந்தப் பையன் முகத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

இதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான ஆய்வு. ஆப்பிரிக்கப் பட்டினிக்கு நன்கொடை கேட்டு, ஒரு கூட்டத்துக்கு மாலி நாட்டு ஏழு வயதுச் சிறுமி ரோக்கியாவின் கதையைக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, இத்தனை லட்சம் பேர் பட்டினி என்ற கணக்கு. ரோக்கியாவுக்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் விழுந்தது. மூன்றாவது கூட்டத்துக்கு ரோக்கியாவையும் கணக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடும் என்றுதானே நினைப்போம்? குறைந்தது.

அந்த ஒற்றை முகமும் ரொம்ப நாள் தாங்குவதில்லை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த சிரியாக் குழந்தை ஆலன் குர்தியின் படம் வந்த வாரம், ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதி நிதிக்கு ஒரு நாளில் வரும் நன்கொடைகளின் எண்ணிக்கை முந்தின வாரத்தைவிட 100 மடங்குக்கு மேல் போனது. ஆறு வாரத்தில் வடிந்துவிட்டது.

உங்கள் கடையில் பேப்பர் தொங்குகிறது, டிவியும் ஓடுகிறது. எந்தச் செய்திக்கு கிளாஸ் பாதியில் நிற்கிறது என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்த ஆய்வு மாணவரை உங்களிடம் அனுப்புகிறேன்.

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: 2004 சுனாமி முடிந்து எங்கள் குப்பத்துக்கு கேமரா வந்தது. அழச் சொல்லவில்லை. ஆனால் என் சித்தி அழுகிற வரைக்கும் காத்திருந்தார்கள். பார்க்கிறவன் மனசை ஆராய்கிறீர்கள். காட்டப்பட்டவன் மனசு?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தக் 'காத்திருந்தார்கள்' என்ற சொல்லில் எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை ராஜதானியின் எலும்பும் தோலுமான மக்களைப் படம் பிடித்தவர், சென்னைப் படையைச் சேர்ந்த வில்லபி வாலஸ் ஹூப்பர். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு அசையாமல் இருக்க வேண்டும். அவர்களுக்கு அசையத் தெம்பில்லை. இதே ஹூப்பர் 1886-இல் பர்மாவின் மாண்டலேயில், கைதிகளைச் சுட்டுக் கொல்லத் துப்பாக்கி குறிவைத்து நிற்கும்போது தன் கேமராத் தகட்டில் படம் விழும்வரை சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்று குற்றம்சாட்டப்பட்டு, விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார்.

லண்டன்காரர்களுக்கு அப்போது நாம்தான் தூரத்துத் துயரம். 1877 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போன தந்தியைப் பார்த்து லண்டன் லார்டு மேயர் தன் மாளிகையான மேன்ஷன் ஹவுஸில் நிதி திரட்டினார். அங்கே காலை உணவு மேஜையில் யாரோ ஒரு சீமாட்டி நம்மைப் பார்த்து உச்சுக் கொட்டியிருப்பார், அவர்கள் பாஷையில். இங்கே நிவாரண வேலைக்கு வந்தவனின் ஒரு நாள் தானியக் கூலியை, அரசு அனுப்பிய பஞ்ச அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டாகக் குறைத்தார். பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற துண்டு, அந்தப் பஞ்ச நிவாரணத்தில் பட்டினிக்காரர்கள் வெட்டியது. இன்றைக்குத் திருமயிலைப் பறக்கும் ரயிலுக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிறார்களே, அதுதான்.

ஹூப்பர் படத்தில் இருக்கிற யாருக்கும் பெயர் இல்லை. அதை எடுக்கும்போது அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. உங்கள் சித்தி இருக்கிறார்களா? இருந்தால், அன்றைக்குக் கேமரா எதிரே என்ன நினைத்தார் என்று கேட்டு எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் முழுசாகப் போடுகிறேன், வெட்டாமல். அவர் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து ஒருவர்: காசு கொடுத்தால் குற்ற உணர்ச்சி போகுமா?

போகாது. இருந்தாலும் கொடுங்கள். அவர்களுக்கு வேண்டியது காசு. பழைய துணி வேண்டாம். சுனாமியின்போது நாகப்பட்டினம் ரோட்டோரத்தில் அது குவியல் குவியலாகக் கிடந்தது.

கோடம்பாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: கடைசியாக எந்தச் செய்திப் படத்தைப் பார்த்து அழுதீர்கள் ஐயா?

அழவில்லை மகளே, சிரித்தேன். 2015 டிசம்பர் வெள்ளம். அப்போது ஜாஃபர்கான்பேட்டையில் குடியிருந்தோம், அடையாறு கூப்பிடு தூரம். இரண்டு ராத்திரி மொட்டை மாடியில். 1878-இல் தொடங்கிய 'தி இந்து'வே அச்சுக்கூடத்துக்கு ஆள் போக முடியாமல் டிசம்பர் 2 அன்று வரவில்லை. கரண்டு கிடையாது, போன் செத்துவிட்டது. நாலாம் நாள் ஒரு நண்பர் வீட்டில் சார்ஜ் போட்டதும் செய்திகள் மளமளவென்று விழுந்தன. துபாயில் இருக்கும் என் தம்பி மகன், உறவினர் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். 'சென்னையின் நிலை, பார்க்கவே முடியவில்லை' என்று மேலே எழுதி, கைகூப்பும் பொம்மை மூன்று.

எங்கள் தெரு. ஓரத்தில் என் ஸ்கூட்டர், ஹேண்டில் மட்டும் தண்ணீருக்கு மேலே. எவரோ எடுத்து எங்கெங்கோ சுற்றி எனக்கே வந்திருக்கிறது. கீழே இருபது பேர் 'ச்சே, பாவம்' போட்டிருந்தார்கள். அது எங்கள் தெரு என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

அதற்கு அடுத்த செய்தி, கோவையில் யாரோ ஒரு பேத்திக்குப் பிறந்தநாள். நானும் ஒரு கேக் படம் தேடி எடுத்துப் போட்டேன்.